கடன் கொடுத்தவர் கை எதுவரை? கெடாவின் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் ஜப்தியின் எல்லைகள்

1904ஆம் ஆண்டு கெடா சுல்தான் அப்துல் ஹமீத் ஹலிம் ஷா தம் பிள்ளைகளுக்கு அலோர் ஸ்டாரில் திருமணம் செய்துவைத்தார். அதற்காகவே பாலாய் பெசார் மண்டபம் புதுப்பிக்கப்பட்டது. விருந்தும் வேடிக்கையும் மாதக்கணக்கில் நீண்டன. முடிந்தபோது கருவூலத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. அபினிக் குத்தகை முதலான வருவாய் இனங்களைப் பினாங்குச் சீன வணிகர்களிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு அரசு ஏற்கெனவே எழுதிக்கொடுத்திருந்தது. மறு ஆண்டு சயாமிடம் 26 லட்சம் வெள்ளி கடன் வாங்க வேண்டியதாயிற்று. சயாம் அமர்த்தும் நிதி ஆலோசகரை ஏற்க வேண்டும், செலவு அவர் கண்ணில் பட்ட பிறகே நடக்க வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. 1909 மார்ச் 10ஆம் நாள் பாங்காக்கில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி கெடா பிரிட்டிஷார் பக்கம் வந்தபோது, அந்தக் கடனையும் மலாய்க் கூட்டு மாநிலங்களின் அரசு ஏற்றுக்கொண்டது. நாடு கைமாறியதற்குக் கடன் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் நாடும் கடனும் ஒரே ஆவணத்தில்தான் கைமாறின.

சுல்தானுக்குக் கடன் கொடுத்தவருக்குக் கருவூலத்தின் மீது அதிகாரம் கிடைத்தது. அதே ஆண்டுகளில் கூலிம், சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் காடழித்து ரப்பர் நட வந்த தமிழரிடம் எடுத்துக்கொள்ள என்ன இருந்தது? நிலம் இல்லை. குடியிருந்த லயன் வீடு தோட்டத்துடையது. பால் வெட்டும் கத்தியும் வாளியும்கூடப் பெரும்பாலும் தோட்டம் கொடுத்தவை. உடலும், அந்த உடல் நாளை சம்பாதிக்கப்போகும் கூலியும், பெண்களின் கழுத்திலும் காதிலும் கிடந்த சிறு தங்கமும்தான் அவர்களின் சொத்து. கடனுக்கு ஈடாக எதைப் பறிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்ற சட்டக் கோடு கெடாவில் நூறாண்டுகளுக்கு மேலாக இந்த மூன்றைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறை கோடு நகர்ந்தபோதும் கடன் அந்தக் கோட்டுக்கு வெளியே ஒரு புதிய பிடிமானத்தைத் தேடிக்கொண்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உடல்

மலாய் மாநிலங்களில் கடனுக்கு ஆளையே பிடித்துவைத்துக்கொள்வது பழைய வழக்கம். கடன்பட்டவரும் அவர் மனைவி மக்களும் கடன் கொடுத்த பிரபுவின் வீட்டில் வேலை செய்வார்கள். அந்த உழைப்பு கடனில் கழியாது. முதல் அப்படியே நிற்கும். பேராக்கில் ரெசிடெண்ட் பெர்ச் 1875இல் கொல்லப்பட்டதற்குச் சொல்லப்படும் காரணங்களுள், ஓடிவந்த கடனடிமைகளுக்கு அவர் புகலிடம் கொடுத்ததும் ஒன்று. அங்கே கடனடிமை முறை 1883இல்தான் முடிவுக்கு வந்தது. கெடாவில் அது இன்னும் பிந்தியது. 1909க்குப் பிறகு ஆலோசகராக வந்த ஜார்ஜ் மேக்ஸ்வெல்லின் காலத்தில்தான், ‘கெரா’ எனப்பட்ட கட்டாய ஊழியத்தோடு சேர்த்து இதுவும் ஒழிக்கப்பட்டது.

ஆனால் தமிழர் கெடாவுக்கு வந்தபோது அவர்களோடு வேறொரு கடனும் கப்பலேறியது. 1859ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் ஒன்று, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை முடிக்காவிட்டால் மாஜிஸ்திரேட் அவரை வேலைக்குத் திரும்ப உத்தரவிடலாம், மீறினால் மூன்று மாதம் வரை சிறையில் வைக்கலாம் என்றது. கொடுக்கல் வாங்கலில் எழும் ஒரு சிவில் பாக்கிக்குக் குற்றவியல் தண்டனை! அந்தச் சட்டம் 1926 வரை உயிரோடு இருந்தது. நீரிணைக் குடியேற்றங்களின் ஒப்பந்தக் கூலிமுறையும் இதே தர்க்கத்தில்தான் நின்றது. கப்பல் செலவு தொழிலாளியின் தலையில் கடனாக ஏறும். அது தீரும்வரை தோட்டத்தை விட்டுப் போனால் ஓடுகாலி என்று பிடித்து அடைப்பார்கள். கெடாவின் தென்மேற்கு எல்லையை ஒட்டிய வெல்லெஸ்லி மாகாணக் கரும்புத் தோட்டங்கள் இப்படித்தான் ஆள் கட்டின.

1910இல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பட்டது. கெடாவின் ரப்பர் தோட்டங்கள் பெரிதாக எழுந்தது அதன் பிறகுதான். எனவே அங்கே ஆள் கட்டியவர் கங்காணி. ஊரில் இருந்த கடனை அடைக்க, வழிச்செலவுக்கு, கட்டிக்கொள்ளத் துணிக்கு என்று கங்காணி கொடுத்ததெல்லாம் பற்றாக நின்றது. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தோட்டம் ‘தலைக்காசு’ கொடுத்தது. தொழிலாளி ஓடினால் பற்றும் போகும், தலைக்காசும் போகும். ஆகவே கடனைத் திரும்ப வாங்குவதைவிடக் கடன் இருந்துகொண்டே இருப்பதில்தான் கங்காணிக்கு அக்கறை இருந்தது.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் இதை ஒரு காகிதமாகவே ஆக்கின. ‘துண்டு’ என்ற சீட்டில் கங்காணியும் அவருடைய ஆட்களும் பட்டிருந்த கடன் எழுதப்பட்டிருக்கும். அந்தத் தொகையைக் கட்டும் வேறு துரை அவர்கள் அத்தனை பேரையும் தம் தோட்டத்துக்கு அழைத்துக்கொள்ளலாம். கடன் எவரிடம் போகிறதோ ஆட்களும் அவரிடம் போனார்கள். 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

மலாயாவில் இதற்கு ஓரளவு முன்னதாகவே வேறு வழி காணப்பட்டது. 1907இல் ஏற்பட்ட இந்தியக் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் எல்லாரும் வரி கட்டினார்கள். கப்பல் செலவு அதிலிருந்து போயிற்று. பின்னர் 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டமும் அதன் கீழ் 1923இல் வந்த விதிகளும் இரண்டு செய்திகளைத் திட்டமாகச் சொல்லின: ஆள் சேர்த்த செலவையோ பயணச் செலவையோ தொழிலாளியிடமிருந்து வசூலிக்கக்கூடாது, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எந்த வேலை ஒப்பந்தமும் அவரைக் கட்டாது. தொழிலாளர் வரலாற்றை எழுதுகிறவர்கள் இவ்விதிகளைக் கூலி உயர்வோடும் வேலைநிறுத்தங்களோடும் சேர்த்துப் போகிற போக்கில் குறிப்பிடுவார்கள். கடன் சட்டத்தின் வரலாற்றில் இவை ஒரு பெரிய திருப்பம் என்பது என் கருத்து. உடலை ஜப்தி செய்யும் உரிமை தமிழ்த் தொழிலாளியைப் பொறுத்தவரை போனது இந்த இடத்தில்தான். அடிமை ஒழிப்பு என்ற பேரோசை எதுவும் இல்லாமல், செலவுக் கணக்கில் ஒரு வரி மாறியதால் போயிற்று.

முழுவதும் போய்விட்டதா என்றால் இல்லை. 1957ஆம் ஆண்டின் கடனாளிகள் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. தீர்ப்புக் கடனாளிக்குச் சம்மன் அனுப்பி, வருவாய் என்ன, செலவு என்ன என்று விசாரித்து நீதிமன்றம் தவணை விதிக்கலாம். வசதி இருந்தும் கட்டாதவரைச் சிவில் சிறைக்கு அனுப்பலாம். நாட்டை விட்டு ஓடப்பார்க்கும் கடனாளியைக் கைது செய்யவும் அதில் வழி உண்டு.

கூலி

உடல் விடுபட்டதும் கடன் கூலியைப் பிடித்தது. தோட்டத்துக் கடைக்காரர் மாதம் முழுதும் அரிசியும் பருப்பும் கருவாடும் கடனாகக் கொடுப்பார். ஆளுக்கொரு சின்னக் குறிப்புப் புத்தகம். அட்டையில் 555 என்று அச்சடித்திருக்கும். இன்றும் மலேசிய மளிகைக் கடைகளில் கடன் என்றாலே இந்த 555 நோட்டுதான். ஒன்று கடையில், ஒன்று வீட்டில் என்று இரண்டு இருந்தால் நல்ல கடை. பெரும்பாலும் ஒன்றே ஒன்று கடைக்காரரிடம் இருக்கும். எழுத்தறியாதவர் அதில் என்ன விழுந்தது என்று அறிய வழியில்லை. சம்பள நாளன்று கிராணி எனப்படும் தோட்டக் கணக்கர் ஆபீசில் செக்ரோல் என்ற சம்பளப் பேரேட்டைத் திறந்து பெயர் கூப்பிடும்போது வாசலில் கடைக்காரர் நிற்பார், பஞ்சாபி வட்டிக்காரர் சைக்கிளைச் சாய்த்துவைத்து நிற்பார், கங்காணியும் நிற்பார். கையில் விழுந்த கூலி ஆபீஸ் படியிறங்குவதற்குள் பங்காகிவிடும். மிச்சத்துக்குக் கள்ளுக்கடை காத்திருந்தது. 1946, 47இல் பீடோங் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்ததைக் குடி ஒழிப்பு இயக்கமாக மட்டும் பார்ப்பது போதாது. சம்பள நாள் யாருடைய நாள் என்ற சண்டையும் அதற்குள் இருந்தது.

1955இல் இயற்றப்பட்டு 1957இல் நடைமுறைக்கு வந்த வேலை வாய்ப்புச் சட்டம், அன்று ஆணைச் சட்டமாக வந்தது, இந்தக் காட்சியை நேரில் பார்த்து எழுதினாற்போல் இருக்கிறது. கூலியை மதுக்கடையிலோ கேளிக்கை இடத்திலோ சில்லறைக் கடையிலோ கொடுக்கக்கூடாது. எங்கே செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடக்கூடாது. முன்பணத்துக்கு வட்டி கூடாது. முன்பணமே, வீடு போன்ற சில காரணங்கள் நீங்கலாக, முந்திய மாதக் கூலியைத் தாண்டக்கூடாது. மூன்றாம் ஆளுக்குத் தொழிலாளி தரவேண்டியதைக் கூலியில் பிடிக்க வேண்டுமானால் அவர் எழுத்தில் கேட்க வேண்டும், தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநரும் இசைய வேண்டும். எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து மாதக் கூலியில் பாதிக்கு மேல் போகக்கூடாது. வீட்டுக் கடனுக்காக அனுமதி பெற்றால் 75 விழுக்காடு வரை போகலாம்.

இந்தப் பாதி என்ற அளவை இந்தியச் சட்டத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 60ஆம் பிரிவில், தொழிலாளர், வீட்டு வேலைக்காரர் ஆகியோரின் கூலியை, பணமாகக் கொடுத்தாலும் பண்டமாகக் கொடுத்தாலும், ஜப்தியிலிருந்து அறவே விலக்கியது. மாதச் சம்பளக்காரருக்கு ஒரு குறிப்பிட்ட தொகையும் எஞ்சியதில் ஒரு பங்கும் விலக்கு. தஞ்சாவூரில் ஒரு பண்ணையாளின் கூலியை நீதிமன்ற அமீனா தொட முடியாது. அவருடைய தம்பி பாடாங் செராயில் பால் வெட்டினால், பிடித்தங்களுக்குப் பாதிக் கூலி வரை கதவு திறந்திருந்தது. ஒன்று நீதிமன்ற ஜப்தி பற்றிய விதி, மற்றது முதலாளியின் பிடித்தம் பற்றிய விதி. இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது முறையல்ல என்று சட்டம் படித்தவர் சொல்வார். ஆனால் தோட்டத்தில் நீதிமன்றம் வரை போன கடன் எத்தனை? பிடித்தம்தான் அங்கே ஜப்தியாக இருந்தது.

இன்று கூலி வங்கிக் கணக்கில் விழுகிறது. 1990களில் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவும் சுங்கை பட்டாணித் தொழிற்பேட்டைகளும் தோட்டத்துப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டபோது செக்ரோலின் இடத்தில் ஏ.டி.எம். அட்டை வந்தது. இது பாதுகாப்பு என்றே எல்லாரும் எண்ணினோம். சட்டக் கண்ணில் அது முழு உண்மையல்ல. முதலாளியிடம் இன்னும் சம்பாதிக்கப்படாத கூலியைத் தீர்ப்புக் கடனுக்காகப் பற்ற முடியாது. அது இன்னும் கடனாகவே பிறக்கவில்லை. கணக்கில் விழுந்த பணமோ வங்கி வாடிக்கையாளருக்குத் தரவேண்டிய கடன். கடன் கொடுத்தவர் ‘கார்னிஷி’ ஆணை வாங்கி வங்கியிடமிருந்தே அதை எடுத்துக்கொள்ளலாம். அதே வங்கியிலேயே கடன் நிலுவை இருந்தால் ஒப்பந்தப்படி வங்கி தானாகவே கழித்துக்கொள்ளவும் கூடும். ஆபீஸ் வாசலில் நின்றவரை விரட்டிய சட்டம், கணக்கின் வாசலில் நிற்பவரை விரட்டவில்லை.

நிலம்

நிலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தோட்டத் தமிழருக்கு அது எட்டாத பொருளாகவே இருந்தது. ஆனால் நிலச் சட்டம் மாறியதில் தமிழருக்கும் பங்கு உண்டு, வேறு பக்கத்திலிருந்து. பினாங்கிலும் அலோர் ஸ்டாரிலும் சுங்கை பட்டாணியிலும் கிட்டங்கி வைத்திருந்த நகரத்தார் நிலப் பட்டாவின் மேல் கடன் கொடுத்தார்கள். 1930களின் மந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது பர்மாவில் நடந்ததைப் போலவே மலாயாவிலும் அடமான நிலங்கள் கைமாறின. கெடாவின் மலாய் ஒதுக்கீட்டுச் சட்டம் 1931இல் வந்தது. கூட்டு மாநிலங்களின் 1913ஆம் ஆண்டுச் சட்டம் 1933இல் இறுக்கப்பட்டது. ஒதுக்கீட்டு நிலத்தை மலாய்க்காரர் அல்லாதவருக்கு விற்பதும் அடமானம் வைப்பதும் தடைப்பட்டன. கெடாச் சட்டத்தில் அங்கே குடியிருந்த சயாமிய விவசாயிகளுக்கும் இடம் உண்டு என்பது அதன் தனித்தன்மை.

கடன் நின்றுவிட்டதா? நெல்வயல் பக்கம் ‘பாடி குஞ்சா’ தழைத்தது. இப்போது பணம் வாங்கிக்கொள், அறுவடையில் ஒரு குஞ்சா, அதாவது 160 காந்தாங் நெல், அளந்துவிடு என்பது ஏற்பாடு. நெல்லுக்குப் போடப்பட்ட விலையில்தான் வட்டி ஒளிந்திருந்தது. மீட்டுக்கொள்ளும் உரிமையோடு நிலத்தையே எழுதிக்கொடுக்கும் ‘ஜுவால் ஜாஞ்சி’யும் கெடாவில் ஊறிப்போன வழக்கம். இத்தகைய ஏற்பாட்டைப் பிரிவி கவுன்சில் 1917இலேயே சிலாங்கூர் வழக்கு ஒன்றில் ஆராய வேண்டிவந்தது. நிலம் ஜப்தியிலிருந்து விலக்கப்பட்டதும் விளைச்சல் அடமானமானது.

பெய்லிஃப் வீட்டுக்குள் வந்தால்

மலேசியாவில் தீர்ப்பு வாங்கியவர் அசையும் பொருளுக்குப் பறிமுதல்–விற்பனை ஆணையும், அசையாப் பொருளுக்குத் தடையாணையும் கேட்கலாம். நிலத்தின் மேல் விழும் தடையாணை ஆறு மாதம் செல்லும். அதற்குள் விற்பனைக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லையேல் நீட்டிக்க வேண்டும். வங்கிக்கு அடமானமான வீடு வேறு வழியில் போகும். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி நோட்டீஸ், பிறகு உயர் நீதிமன்றமோ நில அலுவலகமோ கொடுக்கும் ஆணை, பிறகு லேலோங் எனப்படும் ஏலம்.

அசையும் பொருள்தான் வேடிக்கை. நீதிமன்ற ஜப்தி ஊழியரான பெய்லிஃப் லயன் வீட்டில் நுழைந்து பட்டியல் எழுதத் தொடங்கினால் என்ன கிடைக்கும்? சுவர், கூரை தோட்டத்துடையவை. தொலைக்காட்சியும் குளிர்பெட்டியும் தவணை முடியும்வரை கடைக்காரருடையவை. தையல் இயந்திரம் மனைவியுடையது. கணவர் மேல் வந்த தீர்ப்புக்கு அதை எடுத்தால் மனைவி உரிமை கோரி நீதிமன்றத்தில் நிற்கலாம். சாமிப் படம், பாய், பாத்திரம். இந்தியச் சட்டம் சமையல் பாத்திரம், படுக்கை, உடுதுணி, கைத்தொழிலாளியின் கருவி, உழவனின் கலப்பை, மாடு, விதைநெல் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விலக்குகிறது. சமய வழக்கப்படி எந்தப் பெண்ணும் கழற்றிக்கொடுக்க முடியாத ஆபரணங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. தாலிக்கு இருக்கும் சட்ட அரண் அது.

மலேசியாவின் 1967ஆம் ஆண்டுத் திவால் சட்டம் இவ்வளவு விரித்துச் சொல்லாது. திவாலானவரின் தொழிற்கருவிகள், அவருக்கும் மனைவி மக்களுக்கும் தேவையான உடை, படுக்கை, எல்லாம் சேர்த்து 5,000 ரிங்கிட் மதிப்பு வரை விலக்கு என்று நிறுத்திக்கொள்கிறது. வாடகை பாக்கிக்கு வீட்டுக்காரர் பொருளைப் பிடிக்க இடம் தரும் 1951ஆம் ஆண்டுச் சட்டம், குடியிருப்பவரின் உடை, படுக்கையை விடுவிக்கிறது. கையில் அப்போது பயன்பாட்டில் இருக்கும் பொருளையும் பிடிக்கக்கூடாது என்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் தையல் இயந்திரத்தைப் பிடுங்காதே என்பது அதன் பொருள். தாலி என்று தனியாக எங்கும் இல்லை. அது மனைவியின் சொத்தாதலால் கணவரின் கடனுக்குப் போகாது என்ற பொது விதியே அதற்குக் காவல்.

தங்கம்

ஆனால் தாலியைப் பெய்லிஃப் எடுத்துப்போன கதையைத் தோட்டப்புறத்தில் யாரும் சொல்வதில்லை. தாலி தானாகவே பஜாக் எனப்படும் அடகுக் கடைக்குப் போயிற்று. பள்ளித் தொடக்கத்தில், பிரசவத்தில், சாவில், தீபாவளிக்கு முன்வாரத்தில், சங்கிலியைக் கழற்றி மஞ்சள் கயிற்றில் முடிந்துகொண்டு பட்டணத்துக்குப் பஸ் ஏறினார்கள். உயரமான கல்லாவின் கம்பிக்குப் பின்னால் சீன முதலாளி உரைத்துப் பார்ப்பார், நிறுப்பார், சீட்டுக் கிழிப்பார்.

சட்டத்தின் பார்வையில் அடகு மிகச் சுத்தமான கடன். தீர்ப்பு வேண்டாம், பெய்லிஃப் வேண்டாம், ஜாமீன் வேண்டாம். ஈடு ஏற்கெனவே கடன் கொடுத்தவர் கையில் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் அடகுக்காரர் சட்டம் மாதம் 2 விழுக்காடு வட்டியும் ஆறு மாத மீட்புக் காலமும் வகுத்தது. மீட்காத நகை ஏலத்துக்குப் போகும். அற்பத் தொகைக்கு வைத்தது ஏலமின்றியே அடகுக்காரருக்குச் சொந்தமாகும். மாதம் 2 என்றால் ஆண்டுக்கு 24. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் ஈடு வாங்கிக்கொண்டு கொடுக்கும் கடனுக்கு ஆண்டுக்கு 12, ஈடில்லாக் கடனுக்கு 18 என்று 1951ஆம் ஆண்டின் வட்டிக்கடைச் சட்டம் எல்லை கட்டியிருக்கையில், பொருளைக் கையிலேயே வாங்கி வைத்துக்கொள்பவருக்கு இரட்டிப்பு ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது. சின்னத் தொகை, பெரிய வேலை என்பது வழக்கமான விடை. எனக்கு அது முழுத் திருப்தி தருவதில்லை. மீட்கப்படாத ஒவ்வொரு சீட்டும் ஒரு ஜப்திதான். நீதிமன்றப் பதிவேட்டில் ஏறாததால் ஜப்தி வரலாற்றில் அது எண்ணப்படுவதில்லை.

தவணை

தையல் இயந்திரமும் வானொலியும் பிறகு மோட்டார் சைக்கிளும் தோட்டத்துக்கு வந்தது தவணையில். 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் மறு ஆண்டு ஏப்ரலில் நடப்புக்கு வருவதற்கு முன், ஒரு தவணை தவறினாலும் ஒப்பந்தத்தைக் காட்டி வண்டியை எடுத்துப்போகலாம். கட்டிய பணம் கட்டியதுதான். சட்டம் வந்தபின் தொடர்ந்து இரண்டு தவணை தவற வேண்டும், எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், 21 நாள் பொறுக்க வேண்டும். எடுத்த பிறகும் மீட்டுக்கொள்ள 21 நாள் அவகாசம் உண்டு. விலையில் 75 விழுக்காடு கட்டியிருந்தால் நீதிமன்ற ஆணை இன்றிக் கைவைக்க முடியாது. வாங்கியவர் இறந்துபோனால் நான்கு தவணை தவறும்வரை காத்திருக்க வேண்டும். இழவு வீட்டுக்கு இப்படி அவகாசம் கொடுக்கும் பிரிவை எழுதியவர் யாராயினும் மனிதர் மனம் தெரிந்தவர்.

கெடாவைப் போன்ற இடத்தில் இதன் பயன் பெரிது. தோட்டம் வீட்டுமனையாகிக் குடும்பம் பட்டண ஓரத்துத் தாமான் என்னும் குடியிருப்புக்குப் போனபின், தொழிற்சாலை ஷிப்டுக்குப் போக மோட்டார் சைக்கிள்தான் கால். அதை எடுத்துவிட்டால் கடனைக் கட்டும் கூலியும் நின்றுவிடும். ஆனாலும் அதைத் தொழிற்கருவி என்று சட்டம் ஏற்பதில்லை.

தொழிலாளியே கடன் கொடுத்தவர்

இதுவரை தொழிலாளியைக் கடன்பட்டவராகவே பார்த்தோம். செக்ரோலைப் புரட்டினால் வேறொன்று தெரியும்: மாதம் முழுதும் வேலை செய்துவிட்டு மாத முடிவில் கூலி வாங்குபவர், அந்த ஒரு மாதம் தோட்டத்துக்குக் கடன் கொடுத்திருக்கிறார். தோட்டம் நொடித்தால் அவர் வங்கிக்கும் ஏஜென்சிக்கும் பின்னால் வரிசையில் நிற்க வேண்டுமா? வேலை வாய்ப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு வேண்டாம் என்கிறது. அடமானம் வைத்திருப்பவரோ தீர்ப்பு வாங்கியவரோ கேட்டு நீதிமன்றம் முதலாளியின் சொத்தை விற்றால், அந்தப் பணத்தில் முதலில் தொழிலாளியின் நான்கு மாதக் கூலி வரை கொடுத்துவிட்டுத்தான் மற்றவருக்கு.

இந்தப் பிரிவின் அருமை புரிய 1950களின் பிற்பகுதியை நினைக்க வேண்டும். பிரிட்டிஷ் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கியவர்கள் துண்டாடி ஏக்கர் கணக்கில் விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போகும் அச்சம் தோட்டத்துக்குத் தோட்டம் பரவியது. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் மாதம் பத்து வெள்ளி கட்டிச் சேர்த்த பங்குப் பணத்தில் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை. கூலிக்கு முன்னுரிமை கொடுத்த சட்டம் நான்கு மாதத்தைக் காப்பாற்றியது. ஐந்தாம் மாதத்துக்குத் தோட்டத்தையே வாங்க வேண்டியிருந்தது.

சட்டத்துக்கு வெளியே

உடலையும் கூலியையும் சட்டம் காத்த பிறகு, ஈடில்லாத ஏழைக்கு வங்கி கடன் கொடுக்காது. அந்த இடத்தில் ஆலோங் எனப்படும் உரிமமற்ற வட்டிக்காரர் வந்தார். உரிமமின்றிக் கடன் கொடுப்பது குற்றம்; அப்படிக் கொடுத்த கடனை நீதிமன்றத்தில் வசூலிக்க முடியாது; கடன்பட்டவரை மிரட்டுவதும் தொல்லை செய்வதும் தனிக் குற்றம். 2003ஆம் ஆண்டுத் திருத்தம் ஒப்பந்தப் படிவத்தைக்கூட அரசே வகுத்துக்கொடுத்தது. சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் வழக்குப் போட முடியாதவர் வழக்கையே நம்பாத ஈட்டைத் தேடுவார். ஏ.டி.எம். அட்டையும் ரகசிய எண்ணும் அவர் கைக்குப் போகும். சம்பளம் விழுந்த இரவே அவர் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். பாதிக்கு மேல் பிடிக்கக்கூடாது என்ற விதி கிராணிக்குத்தான். அட்டை வைத்திருப்பவருக்கு அது தெரியாது. அட்டை இல்லையேல் வாசலில் சிவப்புச் சாயம், அண்டை வீட்டுச் சுவரில் துண்டுப் பிரசுரம்.

பெண்கள் நடத்தும் கூட்டு எனப்படும் சீட்டும் சட்டத்துக்கு வெளியேதான். 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதி தடைச் சட்டம் அதை மொத்தமாகத் தடுத்தது. பணத்தோடு ஓடியவர் மேல் வழக்குப் போட வழி இல்லை. ஆனாலும் மாதாமாதம் சீட்டு எடுக்கிறார்கள். பத்துப் பேர் கூடும் கோயில் வாசலில் தலைகாட்ட முடியாமல் போவதுதான் அங்கே ஜப்தி.

பெயர்

கடைசியாக வந்தது கையெழுத்தின் மேல் ஏறும் கடன். ஒருவரைத் திவாலாக்க 10,000 ரிங்கிட் கடன் போதும் என்றிருந்தது 2003இல் 30,000 ஆயிற்று, 2017இல் 50,000, 2020 அக்டோபரில் பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு லட்சம், பிறகு அதுவே நிலைத்தது. திவாலானவர் அனுமதியின்றி நாட்டை விட்டுப் போக முடியாது, கம்பெனி இயக்குநராக முடியாது. கெடாத் தாமான்களில் திவாலானவர்களில் பலர் தாமாகக் கடன் வாங்கியவர்கள் அல்லர். தம்பியின் வண்டிக்கு, மைத்துனன் வீட்டுக்கு, அக்கா மகளின் படிப்புக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள். சொந்தத்தில் கேட்டால் மறுக்க முடியாத கையெழுத்து அது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் இவர்களைச் சமூக ஜாமீன்தாரர் என்று பிரித்து, ஆதாயமின்றிக் கல்விக் கடனுக்கோ சொந்தப் பயன்பாட்டு வாகனத்துக்கோ குடியிருக்கும் வீட்டுக்கோ கையெழுத்துப் போட்டவரைத் திவாலாக்க முடியாது என்றது. மற்ற ஜாமீன்தாரர் மேல் போக நீதிமன்ற அனுமதி வேண்டும். 1923இல் கப்பல் செலவைத் தொழிலாளி தலையிலிருந்து இறக்கிய விதிக்கு அடுத்தபடியாக, தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தத் துறையில் கிடைத்த பெரிய விடுதலை இதுதான் என்பேன். திவால் மட்டும்தான் நின்றது. ஜாமீன்தாரர் மேல் பண வழக்கும் பறிமுதலும் இன்னும் வரலாம்.

எதுவும் தொட முடியாத ஒன்று உண்டு என்றால் அது ஊழியர் சேமநிதி. 1951இல் ஏற்பட்ட இந்த நிதியின் இன்றைய சட்டம், 1991இல் வந்தது, 51ஆம் பிரிவில் மிகக் கடுமையாகப் பேசுகிறது: உறுப்பினர் கணக்கில் நிற்கும் தொகையை எந்தக் கடனுக்கும் மாற்றவோ பற்றவோ ஜப்தி செய்யவோ முடியாது, திவால் அதிகாரிக்கும் உரிமை இல்லை. சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் விபத்து, இயலாமை உதவித்தொகைகளுக்கும் அதைப் போன்ற அரண் உண்டு. 55 வயதில் தொழிலாளி சேமநிதியை எடுக்கிறார். நிதியில் இருந்தவரை கடன் கொடுத்த யாரும் அண்ட முடியாத பணம், வங்கிக் கணக்கில் விழுந்த அன்றே சாதாரண இருப்பு. கார்னிஷி ஆணைக்கும் மகனின் பாக்கிக்கும் மருமகன் கேட்கும் முன்பணத்துக்கும் ஒரே மாதிரித் திறந்தது. முழுவதையும் எடுக்காமல் நிதியிலேயே விட்டுவைக்கவும் உறுப்பினருக்கு வழி இருக்கிறது. கெடாவில் 55ஐத் தாண்டிய தோட்டக்காரர்களில் எத்தனை பேருக்கு அந்த வேறுபாடு விளக்கிச் சொல்லப்பட்டது என்பது இனிச் செய்ய வேண்டிய ஆய்வு.